கண்ணாடியிழை பூண்ட கார்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிச் செல்லும் மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20 இருக்கின்றன. அடிவாரத்தைக் கடந்து அவ்வழியே சேர்வராயன் மலைமீது ஏறும் எந்த வண்டியும் இவ்வளைவுகள் அனைத்தையும் தாண்டியே ஆகவேண்டும். ஒரு வளைவின் ஓரத்தில் நின்று வண்டிகள் திரும்புவதைச் சற்றே கூர்ந்து நோக்குவோருக்கு ஓர் உண்மை புலனாகும். முன்சக்கரம் ஒன்று மேட்டில் ஏறும்போது அதற்கு மூலைக்கு மூலையாக உள்ள பின்சக்கரம் பள்ளத்திலேயே இருக்கும். முன்பக்கம் ஒருபுறம் சாய்ந்துவிடும். பின்பக்கமோ இன்னும் சாயாமல் இருக்கும். நனைந்த துணியை இரு கைகளாலும் பற்றிப் பிழிவது போல, மலைப்பாதை வண்டியை முறுக்கிப் பார்க்கிறது. பழைய பேருந்துகளில் சன்னல்கள் கடகடவென்று ஒலிப்பதும், கதவுகள் முனகுவதும் இம்முறுக்கலின் விளைவுகளே ஆகும்.

சமவெளிச் சாலையில் பல காலம் மறைந்து கிடக்கும் குறையையும் மலைப்பாதை ஒரே நாளில் வெளிப்படுத்திவிடும். வண்டியின் சட்டம் வலிவாக இருக்கலாம். உடலும் அழகாக இருக்கலாம். இரண்டும் சேரும் இடம் சரியாக இல்லையெனில், அவ்வலிவாலும் அழகாலும் பயனில்லை. இந்தச் சேர்க்கையின் வரலாற்றில் ஒரு பகுதியையே இன்று காண இருக்கிறோம். கண்ணாடியிழையால் ஆன உடலைச் சட்டத்தின்மேல் பொருத்தி, தம் வீட்டுக் கொட்டகையிலேயே கார் கட்டிக்கொண்டவர்களின் வரலாறு அது. அக்கலை உலகின் சில நாடுகளில் செழித்தது. வேண்டிய திறன்கள் யாவும் அமைந்திருந்தும் நம் நாட்டில் அது பரவவில்லை. ஏன் என்பதே நம் வினா.

சட்டம் ஓரிடத்திலும் உடல் வேறோரிடத்திலும் உருவாவது நமக்குப் புதிய செய்தியன்று. எண்ணூர் முதலிய இடங்களிலுள்ள பெருந்தொழிற்சாலைகளிலிருந்து லாரியின் வெறும் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, வாங்கிவந்து, நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகளில் 'பாடி' கட்டிக்கொள்வது நம் பகுதியில் நெடுநாள் வழக்கம். அப்பட்டறைத் தொழிலாளர் கையாளும் நுட்பம் ஒன்று நம் கருத்துக்குரியது. அடிச்சட்டத்தின் நீண்ட இரும்பு விட்டங்களின்மீது உடலை நேரே உட்காரவைக்காமல், இடையே மரக்கட்டையைப் பரப்பி, 'யு' வடிவப் போல்ட்டுகளால் சுற்றி வளைத்து இறுக்குவார்கள். விட்டத்தின் விளிம்பில் கண்டவாறு துளையிட்டால், சுமை ஏறும்போது அத்துளையிலிருந்தே பிளவு தொடங்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். இரும்பு முறுங்கும்போது மரம் சற்றே இடங்கொடுக்கிறது, உடல் பிழைத்துக்கொள்கிறது. இடங்கொடுத்துக் கட்டுதல் என்னும் இக்கொள்கையை நேயர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன். பின்னர் நாம் காணப்போகும் செய்திகளுக்கெல்லாம் இதுவே திறவுகோல்.

தொடக்க காலத்தில் கார்களும் இவ்வாறே கட்டப்பட்டன. சட்டத்தை ஒருவர் செய்தார். குதிரை வண்டி கட்டிப் பழகிய தச்சர்கள் அதன்மேல் உடலை அமைத்தனர். பின்னர் எஃகுத் தகட்டைப் பெரும் அழுத்தப் பொறிகளில் இட்டு, ஒரே அழுத்தில் கதவாகவும் கூரையாகவும் வார்த்தெடுக்கும் முறை வந்தது. நாளடைவில் தனிச்சட்டமே இல்லாமல், தகட்டுடலே சட்டமாகவும் அமையும் கார்கள் பெருகின. வேகமாகவும் மலிவாகவும் ஆயிரக்கணக்கில் கார் செய்ய இம்முறை உதவியது. ஆனால் அந்த அழுத்தப் பொறிகளுக்கும் அச்சுகளுக்கும் ஆகும் செலவு மிகப் பெரிது. ஆயிரமாயிரம் கார்கள் விற்றால்தான் அச்செலவு ஈடாகும். ஆகவே பத்துக் கார் செய்ய விரும்பும் சிறு பட்டறைக்காரரும், ஒரே கார் செய்ய விரும்பும் ஆர்வலரும் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பழைய வண்டியொன்றிலிருந்து இயந்திரத்தையும் சக்கரத்தையும் அவர்கள் பெற்றுவிடலாம். உடலுக்கு எங்கே போவது? அலுமினியத் தகட்டைக் கையால் தட்டி உருவாக்கலாம் என்றால், அதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும்.

இந்த இக்கட்டைத் தீர்த்த பொருள் கண்ணாடியிலிருந்து வந்தது. கண்ணாடியை நூலாக இழுக்கலாம் என்பது மனிதன் வெகுகாலமாக அறிந்ததே. 1893-ஆம் ஆண்டில் சிகாகோ நகரக் கண்காட்சியில் பட்டும் கண்ணாடியிழையும் சேர்த்து நெய்த ஆடையொன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. எனினும் அது வேடிக்கைப் பொருளாகவே நின்றுவிட்டது. 1932-இல் அமெரிக்காவில் டேல் கிளைஸ்ட் என்னும் இளைஞர், கண்ணாடிக் கட்டிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் முயற்சியில் ஈடுபட்டிருந்தார். அழுத்தப்பட்ட காற்று உருகிய கண்ணாடியின்மீது தற்செயலாகப் பாய்ந்தது. உடனே கண்ணாடி மெல்லிய இழைகளாகச் சிதறியது. அவர் வேண்டியது கிடைக்கவில்லை; வேண்டாதது கிடைத்தது. அதன் அருமையை உணர்ந்தவர்கள் அம்முறையைச் செம்மைப்படுத்தினர். 1938-இல் ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் தோன்றிற்று. கண்ணாடியிழை ஒரு தொழிலாயிற்று. பாலியெஸ்டர் என்னும் செயற்கைப் பிசினும் அக்காலத்திலேயே உருவாகி வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களின் ராடார் மூடிகள் முதலியவற்றைச் செய்ய, இழையும் பிசினும் ஒன்றாகச் சேர்த்துப் பயன்படுத்தப்பட்டன.

இழையும் பிசினும் சேர்ந்தால் வலிவு பிறக்கும் என்பதை நம் முன்னோர் வேறு வகையில் கண்டிருந்தனர். வைக்கோல் கலந்து குழைத்த மண்சுவர் எளிதில் வெடிப்பதில்லை. நம் இல்லங்களில் வெந்தயத்தையும் காகிதக் கூழையும் அரைத்து முறத்துக்கும் கூடைக்கும் பூசி உரமேற்றுவது உண்டு. காகிதக் கூழை அச்சில் அப்பி எடுத்த கொலுப் பொம்மைகளையும் நாம் அறிவோம். கண்ணாடியிழை உடல் செய்யும் முறையும் இத்தகையதே. முதலில் காரின் வடிவத்துக்கு நேர் எதிரான குழிவச்சு ஒன்றைச் செய்துகொள்கிறார்கள். அதன் உட்புறத்தில் மெழுகு தடவி, நிறம் கலந்த ஜெல் கோட் என்னும் முதற்பூச்சை இடுகிறார்கள். அது சற்று இறுகியதும், துண்டு துண்டான கண்ணாடியிழைகளால் ஆன பாயை விரித்து, வினையூக்கி கலந்த பிசினை ஊட்டி, உருளையால் காற்றுக் குமிழிகளைப் போக்குகிறார்கள். தேவையான கனம் வரும்வரை இவ்வாறு அடுக்குகிறார்கள். இறுகிய பின் அச்சிலிருந்து கழற்றினால், வழவழப்பான வெளிப்புறத்துடன் உடற்பாகம் வந்துவிடுகிறது. உலையோ அழுத்தப் பொறியோ தேவையில்லை. ஒரு கொட்டகையும் பொறுமையும் போதும்.

இப்பொருளின் குணங்களைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். எஃகின் அடர்த்தி நீரைப் போல் 7.8 மடங்கு, கண்ணாடியிழைப் பொருளின் அடர்த்தி ஏறத்தாழ 1.5 மடங்கு. ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பில் எஃகு அதனினும் 20 மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆகவே எஃகுத் தகடு 0.8 மில்லிமீட்டர் கனம் உள்ள இடத்தில், கண்ணாடியிழையை 3 மில்லிமீட்டர் அளவுக்குக் கனமாக்க வேண்டும். அவ்வாறு கனமாக்கிய பின்னும் எடை ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது. துருப்பிடித்தல் என்னும் நோயும் அதற்கு இல்லை.

1950-51-ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவில் படகு செய்துவந்த பில் டிரிட் என்பவர், விமானப் படை அதிகாரி ஒருவரின் ஜீப் சட்டத்தின்மேல் கண்ணாடியிழை உடலொன்றைக் கட்டிக்கொடுத்தார். பலரும் அதனை விரும்பவே, கிளாஸ்பார் என்னும் பெயரில் வெற்றுடல்களைச் செய்து விற்கலானார். 1953-இல் அமெரிக்காவின் பெருநிறுவனமாகிய செவ்ரோலே, கார்வெட் என்னும் காரைக் கண்ணாடியிழை உடலுடன் வெளியிட்டது. அவ்வாண்டில் செய்யப்பட்ட 300 கார்களும் வெள்ளை நிறத்தவை. படகுக் கொட்டகையில் தொடங்கிய முறையைப் பெருந்தொழிற்சாலையும் மூன்றாண்டுகளுக்குள் ஏற்றுக்கொண்டது.

வீட்டில் கட்டும் கார் உண்மையில் வேரூன்றிய நாடு பிரிட்டன். அதற்கு இரு காரணங்கள் இருந்தன. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கித் தாமே பூட்டிக்கொண்டால் அவ்வரி இல்லை. இது முதற் காரணம். காலின் சாப்மன் நிறுவிய லோட்டஸ் நிறுவனம் 1957-இல் கொண்டுவந்த 'செவன்' என்னும் சிறு கார் இவ்வாறு பாகங்களாகவே பெரும்பாலும் விற்றது. பூட்டும் முறையை விளக்கும் குறிப்பு கொடுத்தால் வரிச்சலுகை போய்விடுமாம். ஆகவே கழற்றும் முறையை விளக்கும் குறிப்பை நிறுவனத்தார் கொடுத்தார்கள் என்றும், வாங்கியவர்கள் அதனைக் கடைசியிலிருந்து படித்துக் காரைப் பூட்டினார்கள் என்றும் ஒரு கதை வழங்குகிறது. 1973-இல் வரிமுறை மாறி, இச்சலுகை மறைந்தது. இரண்டாவது காரணம் துரு. குளிர்நாட்டின் ஈரத்தாலும், பனியை உருக்கச் சாலைகளில் தூவும் உப்பாலும் கார்களின் உடல் விரைவில் அரித்துப்போயிற்று. 1960-இல் பழைய கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமானபோது, உடல் இற்று, இயந்திரமும் சட்டமும் நன்றாயிருந்த கார்கள் பல மலிவாகக் கிடைத்தன. பழைய சட்டத்துக்குப் புதிய கண்ணாடியிழை உடல் என்பது அங்கே இயல்பாக எழுந்த எண்ணம்.

இனி, உடலைச் சட்டத்தோடு சேர்க்கும் சிக்கலுக்கு வருவோம். சாப்மன் 1957-இல் காட்சிக்கு வைத்த 'எலீட்' என்னும் காரில் துணிவான முயற்சியொன்று செய்தார். தனிச்சட்டமே இல்லாமல் கண்ணாடியிழையே உடலும் சட்டமுமாக அமைந்தது. அழகில் அதற்கு இணையில்லை. ஆயினும் கண்ணாடியிழைக்கு ஒரு பெருங்குறை உண்டு: பரந்து விழும் சுமையை அது நன்கு தாங்கும், ஒரே புள்ளியில் குவியும் விசையை விரும்பாது. ஆகவே கதவின் கீல்களைத் தாங்க, முன்கண்ணாடியைச் சுற்றி எஃகு வளைவொன்றை உள்ளே புதைக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஆயிரம் எலீட் கார்களே செய்யப்பட்டன. 1962-இல் வந்த 'எலான்' காரில் சாப்மன் வழியை மாற்றிக்கொண்டார். முதுகெலும்பு போன்ற எஃகுச் சட்டம் ஒன்று நடுவே ஓடியது. கண்ணாடியிழை உடல் அதன்மேல் அமர்ந்து போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டது. போல்ட்டு புகும் இடங்களில் உலோக உருளைகள் இழைக்குள்ளேயே வார்த்துப் பதிக்கப்பட்டன. விசையை எஃகு தாங்கட்டும், வடிவத்தை இழை தாங்கட்டும் என்பதே அதன் உட்பொருள்.

வீட்டில் கார் கட்டியவர்கள் பட்டறிவால் கண்ட விதிகளும் இதையே உரைக்கின்றன. உடலைச் சட்டத்தின்மேல் வைத்தவுடன் துளையிடலாகாது. முதலில் கதவு, முன்மூடி ஆகியவற்றைத் தம் இடத்தில் நிறுத்தி, இடைவெளிகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சட்டத்துக்கும் உடலுக்கும் இடையே ரப்பர் வில்லை வைக்க வேண்டும். நாமக்கல் பட்டறையின் மரக்கட்டை இங்கே ரப்பராக மாறியிருக்கிறது, கொள்கை ஒன்றே. எங்கேனும் உடல் சட்டத்தைத் தொடாமல் நின்றால், மேலும் வில்லை வைத்து இடைவெளியை நிரப்ப வேண்டுமேயன்றி, போல்ட்டை முறுக்கி உடலை இழுத்துப் படியவைக்கக் கூடாது. இழுத்துப் படியவைத்த உடல் அன்று பணியும்; சில மாதங்களில் போல்ட்டைச் சுற்றி நட்சத்திர வடிவில் வெடித்துப் பழி தீர்த்துக்கொள்ளும். போல்ட்டின் தலைக்கடியில் அகன்ற வாஷரோ உலோகத் தகடோ இருக்க வேண்டும். அவ்விடத்தில் இழையடுக்கையும் கூட்டித் தடிப்பாக்க வேண்டும். அப்போது விசை புள்ளியாகக் குவியாமல் பரவும்.

துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதும் தேவை. ஏனெனில் வெப்பத்தில் கண்ணாடியிழைப் பொருள் எஃகைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரியும். இரண்டு மீட்டர் நீளமுள்ள பாகம் சேலத்து வெயிலில் நின்று, விடியற்காலையைவிட 40 பாகை சூடேறியது எனக் கொள்வோம். எஃகுச் சட்டமும் அதே அளவு சூடானால் சுமார் 1 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடியிழையோ சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். இந்த ஒரு மில்லிமீட்டருக்கு இடமில்லையென்றால், அது தன் இடத்தை வெடித்துத் தேடிக்கொள்ளும். இன்னொரு செய்தி பலரும் மறப்பது. எஃகுக் காரில் உடலே மின்னோட்டத்தின் திரும்பும் வழியாக அமைகிறது. கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆதலால் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியே திரும்புகம்பி இழுத்துச் சட்டத்தோடு இணைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயணியின் இருக்கை வார் ஒருபோதும் கண்ணாடியிழையில் மட்டும் பிணைக்கப்படலாகாது. அதன் வேர் எஃகுச் சட்டத்தில் இருக்க வேண்டும். இது அழகைப் பற்றிய விதி அன்று, உயிரைப் பற்றியது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். சென்னைக்கு அருகே வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் 1971 வரை அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் கார் செய்யப்பட்டது. இது பிரிட்டனில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம். அதன் பிறப்பிலேயே ஒரு வரலாறு உண்டு. டிரையம்ப் கார்களுக்கு உடல் செய்துகொடுத்த நிறுவனத்தை 1953-இல் போட்டி நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. முழு உடலை ஒரே இடத்தில் பெறும் வழி அடைபட்டது. ஆகவே உடலைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு இடங்களில் செய்து, தனிச்சட்டம் ஒன்றின்மேல் போல்ட்டுகளால் பிணைக்கும் முறையை வகுத்தார்கள். மற்றவர்கள் தனிச்சட்டத்தைக் கைவிட்டுவந்த காலத்தில், இக்கார் பழைய முறைக்குத் திரும்பியது. நெருக்கடியில் எடுத்த முடிவு வேறொரு நன்மையையும் தந்தது. பாகங்களாக அனுப்பி வெளிநாடுகளில் பூட்டிக்கொள்ள ஹெரால்டு மிகவும் ஏற்றதாயிற்று. 25 அடி வட்டத்துக்குள் அது திரும்பிவிடும். ஏற்காட்டு வளைவுகள் போன்றவற்றில் இக்குணத்தின் அருமை விளங்கும்.

ஹெரால்டின் போல்ட்டுகளைக் கழற்றினால் உடல் தனியே வந்துவிடும். ஓடக்கூடிய சட்டம் எஞ்சி நிற்கும். வீட்டில் கார் கட்டுவோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பிரிட்டனில் 1963-இல் பாண்டு நிறுவனம் ஹெரால்டின் சட்டத்தையும் கதவுகளையும் வைத்துக்கொண்டு, ஏனைய உடலின் பெரும்பகுதியைக் கண்ணாடியிழையால் அமைத்து 'எக்விப்' என்னும் காரை விற்றது. பின்னாளில் எத்தனையோ கிட் கார்களுக்கு ஹெரால்டின் சட்டமே அடித்தளமாயிற்று. அதே வகைச் சட்டம் வண்டலூரிலும் உருவாயிற்று. உடல் கட்டும் கைத்திறன் நாமக்கல்லிலும் கரூரிலும் இருந்தது. ஆயினும் இங்கே கிட் கார் ஒரு வழக்கமாக வேரூன்றவில்லை.

அதற்குரிய காரணத்தை நம் பொருளாதார நிலையில் தேட வேண்டும். பழைய காரைக் கழித்துப்போடும் நாட்டிலேயே கிட் கார் பிறக்கும். நம் நாட்டில் அந்நாளில் எத்தனை கார் செய்வது என்பது அரசின் உரிமத்தால் வரையறுக்கப்பட்டிருந்தது. புதிய காருக்குப் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். ஓடுகின்ற எந்தக் காரும் செல்வமாகவே மதிக்கப்பட்டது. துருப்பிடித்த தகட்டை டிங்கரிங் தொழிலாளர் வெட்டியெடுத்து, ஒட்டுப்போட்டு, மீண்டும் ஓடச்செய்துவிடுவார். அத்தகைய காரைப் பிரித்து, புதிய உடல் பூட்டிப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

தனிமனிதர் செய்யாததைச் சிறு நிறுவனங்கள் செய்ய முயன்றன. 1970-களில் பெங்களூரில் சன்ரைஸ் நிறுவனம் கண்ணாடியிழை உடலும் மூன்று சக்கரங்களும் கொண்ட 'பாதல்' என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. பின்னர் சிபானி என்னும் பெயருடன் 1982-இல் 'டால்பின்' காரை அது கொண்டுவந்தது. இது பிரிட்டனின் ரிலையண்ட் நிறுவனத்தாரது 'கிட்டன்' காரை ஒட்டியது. 848 கன சென்டிமீட்டர் இயந்திரம், தனிச்சட்டம், அதன்மேல் கண்ணாடியிழை உடல். இதே ரிலையண்டின் துணையால் துருக்கியில் 1966-இல் 'அனடோல்' என்னும் கண்ணாடியிழைக் கார் தோன்றி, அந்நாட்டில் பெருமளவில் செய்யப்பட்ட முதல் காராகப் புகழ்பெற்றது. மாடுகள் அதன் உடலைத் தின்றுவிடும் என்று ஒரு வதந்தியும் அங்கே உலவியது. நம் நாட்டில் டால்பின் இலகுவானது என்பதால் பந்தய ஆர்வலர்கள் அதை நாடினர். பொதுமக்களோ தட்டினால் 'டங்' என்று ஒலிக்காத காரை நம்பத் தயங்கினர். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அழுத்தி வார்த்த எஃகுடல், மலிவான விலை, நாடெங்கும் பழுதுபார்க்கும் நிலையங்கள். சிறு நிறுவனம் அதன் முன் நிற்க இயலவில்லை.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. கோயம்புத்தூரில் கரிவர்த்தன் என்னும் பொறியியல் ஆர்வலர், விலை குறைந்த பந்தயக் கார்களை உள்நாட்டிலேயே கட்ட முனைந்தார். அவர் 1988-இல் உருவாக்கிய 'ஃபார்முலா மாருதி' அம்முயற்சியின் கனி. மாருதி 800-இன் இயந்திரம், இரும்புக் குழாய்களாலான சட்டம், மேலே இலேசான ஃபைபர் உடல். அயல்நாட்டுக் காரை வாங்க வகையற்ற இளைஞர்களுக்கு அது பந்தயத்தின் வாயிலைத் திறந்தது. பின்னர் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராகிய நரேன் கார்த்திகேயன், ஸ்ரீபெரும்புதூர்த் தடத்தில் தம் முதற் போட்டியை ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். கரிவர்த்தன் 1995-இல் விமான விபத்தில் காலமானார். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பந்தயத் தடத்தில் செல்வது வேறு. பொதுச் சாலையில் செல்வது வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. பிரிட்டனிலோ வீட்டில் கட்டிய ஒவ்வொரு காரையும் அரசு தனித்தனியே சோதித்துப் பதிவு செய்யும் முறை 1998 முதல் உண்டு. இருநாட்டுச் சட்டங்களும் ஒன்றையே கருதுகின்றன: சாலையில் செல்லும் பிறருடைய உயிர். தடுத்துக் காப்பது ஒரு வழி. சோதித்துக் காப்பது மற்றொரு வழி. எது நமக்கு ஏற்றது என்பதை நாளைய பொறியாளர்களாகிய நீங்களே ஆராய வேண்டும்.

அதற்கான பயிற்சிக்களம் இன்று இருக்கிறது. 2007 முதல் 'பாஹா', 2011 முதல் 'சுப்ரா' என்னும் போட்டிகளில் இந்தியக் கல்லூரி மாணவர்கள் தாமே வடிவமைத்துக் கட்டிய வண்டிகளை ஓட்டிக்காட்டுகிறார்கள். கரிவர்த்தன் பெயர் கொண்ட தடத்தில் 'ஃபார்முலா பாரத்' போட்டியும் நடந்துவந்திருக்கிறது. ஃபைபர் உடல் செய்ய முற்படும் மாணவர்களுக்கு எச்சரிக்கை ஒன்று. வினையூக்கியின் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை கெடலாம். பிசினின் ஆவியும் அறுக்கும்போது எழும் தூசியும் நுரையீரலுக்குத் தீங்கு. கையுறை, கண்ணாடி, முகமூடி ஆகியவற்றுடன், காற்றோட்டமான இடத்தில், அறிந்தவர் துணையோடு மட்டுமே இவ்வேலையைச் செய்ய வேண்டும்.

முடிவாக, மீண்டும் சேர்வராயன் மலைக்கு வருவோம். இம்மலையின் மேற்பரப்பில் பாக்சைட் தாது உண்டு. 1965-இல் மேட்டூரில் தொடங்கிய அலுமினியத் தொழிற்சாலைக்கு ஒரு காலத்தில் இங்கிருந்து அத்தாது சென்றது. பாக்சைட்டிலிருந்து கிடைக்கும் அலுமினா அலுமினியத்துக்கு மட்டுமே மூலமன்று. கார் உடலுக்கு உதவும் கண்ணாடியிழையிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 14 பங்கு அதுவே. மலையில் தாது இருந்தது; வண்டலூரில் சட்டம் இருந்தது; நாமக்கல்லில் கைத்திறன் இருந்தது; கோவையில் ஊக்கம் இருந்தது. இவை தனித்தனியே நின்றனவே தவிர, ஒன்றோடொன்று பிணையவில்லை. கரிவர்த்தனைப் போன்றவர் முயன்றபோது மட்டும், சிறிய அளவிலேனும் அப்பிணைப்பு நேர்ந்தது.

அடுத்த முறை ஏற்காட்டுக்குச் செல்லும்போது, ஏதேனும் ஒரு வளைவில் பேருந்தின் உடல் முனகும் ஓசையை உற்றுக் கேளுங்கள். எந்த இடத்திலிருந்து அவ்வொலி வருகிறது, ஏன் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கேள்வியோடு கல்லூரிப் பட்டறைக்குள் நுழையும் மாணவர், உடலையும் சட்டத்தையும் பிணைக்கும் முதல் துளையை இடுவதற்கு முன் இருமுறை அளந்து பார்ப்பார்.